பஸ் நீள வீட்டை ஓட்டப் பழகியது

என் அண்ணன் வளைகுடாவில் இருபது வருஷத்துக்கு மேல் டிரெய்லர் லாரி ஓட்டியவன். ஊரோடு திரும்பி வந்ததும் ஒரு பஸ் சேஸிஸை வாங்கி, பட்டறையில் கொடுத்து அதன் மேல் ஒரு வீட்டையே கட்டிவிட்டான். உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை. கூரையில் ஏசி, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி. இத்தனை வருஷம் தனியாகக் கிடந்த மதினியைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகவேண்டும் என்பது அவன் ஆசை. மதினி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மொதல்ல ஜன்னலுக்குக் கொசுவலை அடிங்க" என்று மட்டும் சொன்னாள்.

வலை அடித்தாயிற்று. வண்டிதான் நகரவில்லை. அண்ணனிடம் இருந்த நம் ஊர் லைசென்ஸ் காருக்கானது. இந்த வண்டியோ ஏழரை டன்னுக்கு மேல். அதற்குக் கனரக வாகன லைசென்ஸ் வேண்டும், வெளிநாட்டு லைசென்ஸைக் காட்டி இங்கே ஓட்ட முடியாது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் தன்மையாகத்தான் சொன்னார்கள். எல்.எல்.ஆர். போட்டு, பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, முதலிலிருந்து வரவேண்டும்.

"நாப்பது டன்ன இழுத்துட்டுப் பாலைவனத்துல போனவன் நான். என்னையக் கிளட்ச் மிதிக்கப் படிக்கச் சொல்லுதாக" என்று அண்ணன் வந்து உட்கார்ந்தான். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டான். பாளையங்கோட்டையில் அவன் வீட்டை ஒட்டிய காலிமனையில் வண்டி நின்றது. மதியங்களில் மதினி அதில் ஏறிப் படுத்து வாராந்தரி படித்தாள்.

நான் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கார் ஓட்டுவேன், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா அந்த டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கீழே எட்டிப் பார்த்தால் முன்சக்கரம் எனக்கு முன்னால் இல்லை, பின்னால் இருந்தது. சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு எப்படித் திருப்புவது? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அடுத்த வாரமே பயிற்சிப் பள்ளியில் பேர் கொடுத்தேன்.

பள்ளியில் ஒரு பழைய பஸ் வைத்திருந்தார்கள். முனை வந்ததும் காரில் திருப்புகிற மாதிரி திருப்பினேன். பின்சக்கரம் ஓரத்துக் கல்லில் ஏறி இறங்கியது. நாம் முனையைக் கடந்து, எதிர்த்த சுவரை இடிக்கப் போகிறோம் என்று பயப்படுகிற அளவுக்குப் போன பிறகுதான் ஸ்டியரிங்கை ஒடிக்கவேண்டும். அப்போது வண்டியின் வால் மறுபக்கம் வீசும். அங்கே சைக்கிள்காரர் நிற்கிறாரா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து தீப்பெட்டியை மேஜையில் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் காப்பியை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

இதைக் கேள்விப்பட்ட அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "என்னளா, பிரேக்குக்கு ஏர் ஏறுதுக்கு முன்னால வண்டிய எடுத்திராத" என்று போனில் ஆரம்பித்தவன், மறுநாள் பள்ளியின் பயிற்சி மைதானத்துக்கே வந்துவிட்டான். அந்த வாரத்தில் அவனும் பேர் கொடுத்தான். முதல் நாள், கியரைத் தேடி அவன் வலது கை கதவில் போய் இடித்தது. வளைகுடாவில் ஸ்டியரிங் இடப்பக்கம் அல்லவா. அவனே சிரித்துவிட்டான்.

மருத்துவச் சான்றுக்கு இருவரும் சேர்ந்துதான் போனோம். டாக்டரம்மா அவனை நேராகப் பார்க்கச் சொல்லி, பக்கவாட்டில் விரலை ஆட்டி, தெரிகிறதா என்று கேட்டார். இடது பக்கம் சரியாகச் சொன்னான். வலது பக்கம் விரல் காதுக்கு நேரே ஆடிக்கொண்டே முன்னால் வந்தது. அவன் இன்னும், "ஆட்டுங்க, சொல்லுதேன்" என்று காத்திருந்தான்.

சர்க்கரை கண்ணைத் தொட்டிருந்தது. இது கொஞ்ச நாளில் வந்ததில்லை என்று கண் ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள். இனி பெரிய வண்டி கூடாது. வெளியே வந்து அண்ணன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தான். பிறகு, "அப்போ அங்கன கடைசி ரெண்டு வருஷம் நான் பாதி ரோட்டப் பாக்காமத்தான் ஓட்டிருக்கேன், என்னா?" என்றான். அந்தக் குரலில் வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது.

வண்டியை விற்றுவிடலாம் என்று அவன் சொன்னபோது மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "ஒங்க தங்கச்சி லைசென்ஸ் வாங்கட்டும். நீங்க வண்டியப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. பராமரிப்பு முழுக்க அண்ணன் கைக்குப் போனது. காலையில் பிரேக்குக்கான காற்றுத் தொட்டியின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரை வடிப்பான். "பாலைவனத்துல சொட்டுக்கூட வராது. இங்க பாரு" என்று வடிந்த தண்ணீரைக் காட்டுவான். காற்றில் இருக்கிற ஈரம் அது. வடிக்காவிட்டால் வால்வு துருப்பிடித்து பிரேக்கைக் கெடுத்துவிடும். இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன், வகுப்பு அன்றைக்குத் தூங்கவில்லை.

முதல் பயணம் குலசேகரன்பட்டினத்துக்கு. தசரா கூட்டமெல்லாம் முடிந்த பிறகு, கடலைப் பார்க்க. அண்ணன் என் இடப்பக்கம் உட்கார்ந்தான். அவன் ஆயுசெல்லாம் ஓட்டிய பக்கம் அது. எதிரே ஸ்டியரிங் இல்லை, ஆனாலும் நான் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அவன் வலது காலும் தரையை மிதித்தது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும், நின்ற பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி வண்டி ஒரு தரம் முன்னால் அசைந்தது. பாதி நிரம்பிய தொட்டித் தண்ணீர்தான் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தித் தொட்டியை முழுக்க நிரப்பினோம். ஆட்டம் நின்றது.

ஏரலைத் தாண்டியதும் போன் காட்டிய குறுக்குப்பாதையில் திரும்பினேன். தப்பு. சற்றுத் தூரத்தில் ரயில் பாதைக்குக் கீழே போகிற வழி, அதற்கு முன்னால் குறுக்கே இரும்புக் கம்பி. எங்கள் கூரை ஏசியின் உயரம் எனக்கு மனப்பாடம். கம்பியில் எழுதியிருந்த உயரம் அதைவிடக் குறைவு. நிறுத்தினேன். பின்னால் வாழைத்தார் வண்டி ஒன்றும் இரண்டு பைக்குகளும் வந்து நின்று ஹாரன் அடித்தன.

"பைய. ஒண்ணும் அவசரமில்ல" என்றான் அண்ணன். அவன் இறங்கி இடப்பக்கம் நின்றான். அவனுக்கு வலப்பக்கம் தெரியாது என்று மதினியும் இறங்கி வலப்பக்கம் போனாள்.

"மதினி, கண்ணாடியில உங்க மூஞ்சி எனக்குத் தெரியலேன்னா நான் நிறுத்திருவேன். தெரியுத மாதிரியே நடங்க" என்றேன்.

வாழைத்தார் வண்டிக்காரர் இறங்கி வந்து பார்த்தார். "லே, பின்னால எடுங்கலே" என்று பைக்குகளை விலக்கி, தன் வண்டியையும் ஒதுக்கினார். நான் பின்னோக்கி எடுத்தேன். இடது கண்ணாடியில் அண்ணனின் கை, வலது கண்ணாடியில் மதினியின் பச்சைச் சேலை. ஒரு இடத்தில் மதினி காணாமல் போனாள். நிறுத்தினேன். வரப்பில் வழுக்கி உட்கார்ந்திருந்தாள். எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, "வா, வா" என்றாள். ஒரு களத்து மேட்டில் வாலைத் திருப்பி வெளியே வந்தோம்.

சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நிறுத்தி டீ போட்டோம். அண்ணன் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தான். மதினி என் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கீழே எட்டிப் பார்த்தாள். "சக்கரம் காருல இருக்குத மாதிரி இல்லையே" என்றாள். மதினிக்குக் கார் ஓட்டவே தெரியாது. முதலில் கார் பழக எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டாள்.