‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதினேன்

பன்னிரண்டு, பதின்மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது. அப்போது நான் கல்வராயன் மலையடிவாரத்தில் நான்கு ஊர்களுக்குத் தபால்காரன். கள்ளக்குறிச்சியிலிருந்து காலை பஸ்ஸில் பை வரும். பிரித்து, முத்திரை குத்தி, சைக்கிளை எடுத்தால் மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே சுற்றிவிட்டு மூன்று மணிக்குத்தான் சோறு. தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, சொல்கிறேன்: அந்த நான்கு ஊரிலும் என்னைப் பிடிக்காத வீடு கிடையாது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவேன், மணியார்டர் பாரம் எழுதித் தருவேன். இன்னொரு உதவியும் செய்வேன். அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

பதிவுத் தபால் என்றாலே எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பயம். கோர்ட் சம்மன், வக்கீல் நோட்டீஸ் என்று கெட்டதுதான் அதில் வரும் என்று நினைப்பார்கள். வாங்க மாட்டேன் என்று சொல்லியும் தப்பிக்க முடியாது. ‘வாங்க மறுத்தார்’ என்று நான் எழுதினால் கோர்ட்டில் அது வாங்கியதற்குச் சமம். அதனால் என்னிடம் கெஞ்சுவார்கள். நானும் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று கவர் மேல் எழுதி, ஏழு நாள் வைத்திருந்து திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரு பைசா வாங்கியதில்லை, மோர் குடித்ததோடு சரி. விதிப்படி தப்பு என்று தெரியும். ஆனாலும் ஏதோ புண்ணியம் செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் ஊர்களில் ஒன்றில் ஒரு விவசாயக் குடும்பம். கணவனும் மனைவியும் மட்டும்தான். உறவு இல்லை, ஆனால் பழக்கத்தில் எனக்கு அவர்கள் மாமாவும் அக்காவும். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிலேயே வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செயற்கை மூட்டு வைத்தார்கள். ஆறு மாதத்தில் பழையபடி காட்டு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். “மெஷின் கால் எப்படிக்கா ஓடுது?” என்று கேட்பேன். “நிக்காம ஓடிக்கினு இருக்குது தம்பி” என்று சிரிப்பார்.

அந்தச் சமயம் மாமாவுக்கும் அவர் அண்ணனுக்கும் நிலத்தில் பாகப்பிரிவினை வழக்கு. பாதி நிலம் அக்கா பெயரில் இருந்ததால் நோட்டீஸ் அவர் பெயருக்கும் வரும். ஒரு நாள் அக்கா பெயருக்குச் சென்னையிலிருந்து ஒரு பதிவுத் தபால். நீளமான வெள்ளைக் கவர், இங்கிலீஷில் டைப் அடித்த விலாசம். வாசலில் மாமா நின்றிருந்தார்.

“மெட்ராஸ்லேர்ந்தா? ஐகோர்ட்டுக்கே போய்ட்டானா எங்கண்ணன்? வாணாம்பா, வூடு பூட்டிக்கினு இருந்திச்சின்னு எழுதி அனுப்பிடு.”

எழுதினேன். அனுப்புநர் இடத்தில் இருந்த முத்திரை பாதி அழிந்திருந்தது. கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தால் ஆஸ்பத்திரி என்று தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே மாதிரி இன்னொன்று வந்தது. அதையும் மாமா சொன்னபடியே திருப்பினேன்.

அடுத்த வருடமே அக்கா விந்தி விந்தி நடக்க ஆரம்பித்தார். தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். கள்ளக்குறிச்சியில் பார்த்த டாக்டர்களெல்லாம் எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, மூட்டு வைத்த இடத்தில்தான் இருக்கிறது, வேலையைக் குறையுங்கள் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். நான் என் பங்குக்கு, “மெஷினுக்கு எண்ணெய் போடணும்க்கா” என்றேன். முதல் தடவை சிரித்தார். மறு தடவை சிரிக்கவில்லை. இப்படியே இரண்டு வருடம் போனது. கடைசியில் கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்குள்ளேயே நடந்தார். அப்போதுதான் புதிதாக வந்த ஒரு டாக்டர், “இது சாதாரண வலி இல்ல, எங்க வச்சாங்களோ அங்கயே உடனே போங்க” என்றார்.

இங்கிலீஷ் பாரமெல்லாம் நிரப்ப வேண்டியிருக்குமே என்று மாமா என்னையும் கூப்பிட்டார். பஸ்ஸின் கடைசி சீட்டில் அக்காவைப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

சென்னை டாக்டர் அக்காவின் பழைய பைலை வரவழைத்துப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “ரெண்டு தடவை லெட்டர் போட்டோமே, ஏன் வரல?”

“எந்த லெட்டரும் வர்லயே டாக்டர்” என்றார் அக்கா.

டாக்டர் விளக்கினார். அக்காவுக்கு வைத்தது, உலோகத்தின் மேல் உலோகம் உரசுகிற மாதிரி செய்த மூட்டு. அதில் குறை இருக்கிறது என்று தயாரித்த கம்பெனியே திரும்பப் பெற்றுக்கொண்டுவிட்டது. அதை வைத்துக்கொண்டவர்கள் எல்லோரும் வந்து ரத்தத்தில் எவ்வளவு உலோகம் கலந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் மாமா எப்போதோ நம்பரை மாற்றியிருந்தார். சொல்லிவிட்டு டாக்டர், பைலில் குத்தி வைத்திருந்த இரண்டு வெள்ளைக் கவர்களை எடுத்து மேஜை மேல் போட்டார்.

என் கையெழுத்து. கீழே என் சுருக்கொப்பம், தேதியோடு.

டாக்டர் படித்துக் காட்டினார்: “வீடு பூட்டியிருந்ததுன்னு போட்டிருக்கே.”

“எங்க வூட்டுக்குப் பூட்டே கெடயாதே டாக்டர்” என்றார் அக்கா. “எப்பவும் நான்தான் இருக்கறனே.”

மாமா தரையைப் பார்த்தார். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு. “அதை எழுதினது நான்தாங்க” என்று எப்படியோ சொல்லிவிட்டேன். மாமா உடனே, “நான்தான் எழுதச் சொன்னேன்” என்றார். அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

அறுவை சிகிச்சை ஐந்து மணி நேரம் நடந்தது. உரசி உரசி உதிர்ந்த உலோகத் துகள் சுற்றியிருந்த சதையை அழுக வைத்து, எலும்பையும் அரித்திருந்தது. முதல் கடிதத்துக்கே வந்திருந்தால் சதை கெடுவதற்கு முன் மாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வேறு மூட்டு வைத்தார்கள். ஆனால் காலைத் தூக்கும் சதையே போய்விட்டதால் அக்காவுக்கு அந்தக் கால் மறுபடி வசப்படவேயில்லை. இரண்டு அங்குலம் குட்டையாகவும் போய்விட்டது.

என்மேல் எனக்கு இருக்கும் கோபம் போக, மற்றவர்கள் மேலும் கோபம் உண்டு. மலையடிவாரத்து ஆட்களுக்கு இங்கிலீஷில் இரண்டு காகிதம் அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததைப் பைலில் குத்தி வைத்துவிட்டுச் சும்மா இருந்த ஆஸ்பத்திரியை என்ன சொல்வது? மூட்டு செய்த கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்டு எழுதினோம். அப்போது உதவிய ஒரு வக்கீல் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், உங்கள் வீட்டில் யாருக்காவது செயற்கை மூட்டு இருந்தால் உதவும். மூட்டுப் பெட்டியில் வரும் நம்பர் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஒட்டித் தருவார்கள், அதைத் தொலைக்கக் கூடாது. தராவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். விலாசமோ போன் நம்பரோ மாறினால் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். நன்றாக இருந்த கால் திடீரென்று வலித்தால், இந்த மூட்டைக் கம்பெனி திரும்பப் பெற்றிருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். மாற்றினால், வெளியே எடுத்த மூட்டைத் தூக்கிப்போட விடக் கூடாது, அதுதான் சாட்சி. இவ்வளவும் செய்து அனுப்பிய எங்கள் மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது என்றுதான் பதில் வருகிறது.

அக்கா வீடு திரும்பி ஒரு மாதம் வரை நான் அந்தத் தெருவுக்குள் போகவில்லை. பிறகு ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாமா காட்டுக்குப் போயிருந்தார். மன்னிச்சிடுங்கக்கா என்றேன். மாமா கேட்டுக்கொண்டார், வழக்கு நேரம், உதவியாக இருக்கட்டுமே என்றுதான் செய்தேன் என்று ஏதேதோ உளறினேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு, “கவர் மேல யாரு பேரு தம்பி இருந்திச்சு?” என்றார்.

“உங்க பேருதான்க்கா.”

“ரெண்டு தபாவுமா?”

“ஆமாங்கக்கா.”

“நான் இன்னா ஊருக்கா போய்ட்டேன்? பின்னால மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினுதான் இருந்திருப்பேன். ஒரு கொரல் குடுத்திருக்கலாம் இல்ல?”

மாமா சொன்னார், மாமா சொன்னார் என்றுதான் அதுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நான்கு ஊரிலும் எத்தனையோ பெண்கள் பெயருக்கு வந்த தபாலை வாசலில் நின்ற ஆண்களிடம் கொடுத்திருக்கிறேன், அவர்கள் சொன்னபடி திருப்பியும் இருக்கிறேன். அந்தப் பெண்களையும் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை நான் அப்படிச் செய்யவில்லை, பெயருக்குரியவர் வந்து கை நீட்டும் வரை வெயிலில் நின்றேன். ஆனால் அதனால் அக்கா எழுந்து நடந்துவிடப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.