நான் தைத்துக் கொடுத்த வார்

கர்த்தருக்குள் அன்பான சகோதரிகளே, என் மகளை அடித்த வாரை என் கையாலேயே தைத்துக் கொடுத்தவள் நான். இதை மறைத்துவிட்டு வேறு எதைச் சொன்னாலும் அது சாட்சி ஆகாது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

என் பெயர் சுகுணா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. எங்களுக்கு ஒரே மகள், ஜெனி. கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லாமல், பொருத்தனை பண்ணி, அழுது வாங்கின பிள்ளை. அந்தப் பிள்ளையைத்தான் அப்படி அடித்தேன்.

ஜெனி ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். ஒரு இட்லி சாப்பிடுவதற்குள் நான்கு தடவை எழுந்திருப்பாள். தண்ணீர் பாட்டில் இரண்டு நாள் அவளிடம் தங்கினால் அதிசயம். கேள்வி கேட்டால் பாதிப் பதிலோடு ஓடிவிடுவாள். மாடித் தொட்டியின் விளிம்பில் நடந்திருக்கிறாள், கொதிக்கிற குழம்பில் கை விட்டிருக்கிறாள். ஒரு கிறிஸ்மஸ் நாடகத்தில் தேவதூதனாக நிறுத்தினார்கள். மேய்ப்பர்கள் மேடைக்கு வருவதற்கு முன்பே இவள் இறங்கிப்போய் ஆட்டுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். சபையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு இழுத்து வந்து, தேவதூதன் உடுப்போடேயே அடித்தேன். ஒரு இறக்கை கிழிந்துபோயிற்று.

எனக்குக் கோபம் மூக்கின் மேல். கையில் எது கிடைக்கிறதோ அதுதான். செருப்பு, துடைப்பம், கரண்டி. ஒரு தடவை தோசைக் கரண்டியின் காம்பு அவள் முதுகில் பட்டு வளைந்துவிட்டது. மறுநாள் அதை நிமிர்த்தி, அதிலேயே தோசை சுட்டு அவளுக்குப் போட்டேன். அடித்துவிட்டு நானே தேங்காய் எண்ணெய் தடவுவேன். தடவிக்கொண்டே அழுவேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அடிப்பேன். அடியாத மாடு படியாது என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லியே என்னையும் வளர்த்தார்கள். பிள்ளையை அடித்து வளர்க்கத்தான் வேதமும் சொல்கிறது என்று எனக்கு நானே நியாயமும் வைத்திருந்தேன்.

அவள் மூன்றாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதம், வகுப்பு டீச்சர் புஷ்பா மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். நம் ஊரில் எல்லாத் தாய் தகப்பனும் சொல்கிற வாக்கியத்தை நானும் சொன்னேன்.

"கண்ணு ரெண்டை மட்டும் உட்டுட்டு தோலை உரிச்சிடுங்க மிஸ். நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

மிஸ் சிரித்தார். "பிரம்பு ஒடஞ்சி ஒடஞ்சிப் போவுதும்மா. நீங்க ஷூ கம்பெனிதானே? நல்லதா ஒரு வார் கொண்டாந்து குடுங்களேன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னாரோ என்னவோ. நான் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டேன். மறுநாள் சூப்பர்வைசரிடம் கேட்டு, கழித்துப் போட்ட துண்டுகளில் கெட்டியானதாக இரண்டு பொறுக்கினேன். பசை தடவி ஒட்டினேன். ஓரம் சீவி, இரண்டு பக்கமும் இரண்டு வரிசை தையல் ஓட்டினேன். இஞ்சுக்கு எட்டுத் தையல், தடித்த நூல். பிடித்துக்கொள்ள ஒரு வளையம்கூட வைத்தேன். வெளிநாட்டுக்குப் போகிற ஷூவுக்குக்கூட நான் அவ்வளவு அக்கறையாகத் தைத்ததில்லை. மிஸ் அதைத் தடவிப் பார்த்து, "சூப்பர் ஃபினிஷிங்மா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஏழு மாதம். ஜெனி இன்னும் மோசமானாள். காலையில் யூனிஃபார்மைப் பார்த்தாலே வாந்தி எடுப்பாள். புத்தகப் பையைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைப்பாள். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியில் ரத்தம் வரும். நான் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்து, "ஆண்டவரே, இவளை அடக்கும்" என்று ஜெபித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆண்டவருக்கே என் மகளைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. மிஷினில் இருந்த என்னை சூப்பர்வைசர் வந்து எழுப்பினார். பள்ளியிலிருந்து போன். ஓடினேன். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை ஏதோ கேலி பேசினாளாம். ஜெனி டிபன் பாக்ஸ் மூடியை எறிந்திருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு நெற்றி கிழிந்து மூன்று தையல். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னை உட்காரச் சொல்லவில்லை. "திங்கக்கிழமை வந்து டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க" என்றார்.

பள்ளி வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அடித்தேன். கன்னத்தில், தலையில், முதுகில். நடக்கிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "பச்சக் கொழந்தைம்மா, செத்துடப் போவுது" என்றார். "உன் வேலையப் பார்த்துக்கினு போ" என்று அவரிடமும் பாய்ந்தேன். ஜெனியின் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

வீட்டில் அந்த ரத்தத்தைக் கழுவத்தான் அவள் உடுப்பைக் கழற்றினேன். அவளே குளித்து உடுத்துகிற வயது, நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. பிற்பகல் மூன்று மணி, குளியலறையில் நல்ல வெளிச்சம். முழங்காலுக்கு மேலே, பாவாடை மறைக்கிற இடத்தில், தொடை முழுக்கத் தடிப்பு. பழையது கறுத்து, புதியது சிவந்து. ஒவ்வொரு தடிப்பின் இரண்டு ஓரத்திலும் புள்ளி புள்ளியாக ஒரு வரிசை. என் கண் பழகின கண். அது இஞ்சுக்கு எட்டு.

என் தையல், சகோதரிகளே. என் மகளின் தோலில்.

"எப்பலேர்ந்துடி?" என்று கேட்டேன்.

"டெய்லியும்மா. மிஸ் என்னையே எடுத்தாரச் சொல்லுவாங்க. நான்தான் மேசையிலேர்ந்து எடுத்துக் குடுப்பேன்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நீயும் அடிப்பேம்மா."

ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையையும் இழுத்துக்கொண்டு பாலாற்றில் விழலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதில் விழுகிற அளவுக்குத் தண்ணீர் ஏது? இருவரும் மணலில் விழுந்து கால் உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். வழக்கமான ஜெபம் வாயில் வரவில்லை. இவளை அடக்கும் என்று எந்த முகத்தோடு கேட்பேன்? "ஆண்டவரே, என் கையைப் பிடியும்" என்றேன். அவ்வளவுதான்.

பதில் மறுநாளே வந்தது. வந்தது சபையிலிருந்து அல்ல, எனக்கு அடுத்த மிஷினிலிருந்து. அங்கே உட்காருகிற ஷபானா அக்கா என் முகத்தைப் பார்த்து, "இன்னா சுகுணா, பேஜாராகீற?" என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டார்.

"எங்க தங்கச்சி பையனும் இதே மாதிரிதான்டி. அது திமிரு இல்ல. உள்ளாற ஓடிக்கினே இருக்கும், அதுங்களால நிறுத்த முடியாது. நாங்க வேலூர் ஆஸ்பத்திரில காமிச்சோம். நீ நாளைக்கே போ. போவலன்னா என் மூஞ்சில முழிக்காத."

சபையில் ஓர் அம்மா, "ஜெபம் போதாதா, ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று கேட்டார். ஜெபம் பண்ணினதால்தான் பஸ் ஏறினேன் என்று சொன்னேன்.

வேலூரில் டாக்டரம்மா ஜெனியோடு விளையாடினார், எழுத வைத்தார், என்னிடமும் வீட்டுக்காரரிடமும் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டார். மறுபடி மறுபடி வரச் சொன்னார். அதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. பரிசோதனை நடக்கிறது என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் கெஞ்சி, டி.சி.யைத் தள்ளிப்போட வைத்தேன். ரிசல்ட் வரும்வரை பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கடைசியில் டாக்டரம்மா அதன் பெயரைச் சொன்னார். ஏ.டி.எச்.டி. கவனம் ஓரிடத்தில் நிற்காது, உடம்பும் நிற்காது, யாருடைய தப்பும் இல்லை என்றார். தடிப்புகளையும் பார்த்தார். "பள்ளியில அடிக்கிறது சட்டப்படி குற்றம். வீட்டுல அடிக்கிறதும் இவளுக்கு மருந்து இல்ல" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தார். முன் வரிசையில் உட்கார வைக்கணும், வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுக்கணும், நடுவில் எழுந்து நடக்க விடணும், பரீட்சையில் கூடுதல் நேரம் கொடுக்கணும் என்று அதில் எழுதியிருந்தது.

கடிதத்தோடு ஜெனியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி பசங்களுக்கு இங்க வசதி இல்லம்மா" என்றார். நான் விடவில்லை. குரல் ஏறியது. புஷ்பா மிஸ்ஸை வரவழைத்து, என் பிள்ளை தொடையைப் பார் என்று கத்தினேன்.

மிஸ்ஸும் கத்தினார். "நீங்கதானேம்மா தோலை உரிச்சிடுங்கன்னீங்க? ஏன்னு கேக்க மாட்டேன்னீங்க? இதுவும் நீங்க குடுத்ததுதானே?" வாரைக் கொண்டுவந்து மேசை மேல் போட்டார்.

ஏழு மாதத்தில் அது நன்றாகப் பழகி வழவழப்பாக இருந்தது. வளையத்துக்குள் விரலை விட்டு எடுத்தேன். கை தலைக்கு மேல் போய்விட்டது. மிஸ் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் ஒண்டினார். ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்து நின்றுவிட்டார். அடித்திருப்பேன். முகத்திலேயே அடித்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்த ஜெனி, வார் மேலே போனதைப் பார்த்தாள். நடந்து வந்து, எனக்கும் மிஸ்ஸுக்கும் நடுவில் நின்றாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பாவாடையை ஒரு கையால் தொடைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். யாருக்காக வார் எடுத்தாலும் அது தனக்குத்தான் என்று அந்தப் பிள்ளை முடிவு பண்ணியிருந்தாள்.

அசையாமல் நின்றாள். இத்தனை நாளாக நானும் மிஸ்ஸும் அடித்து அடித்துக் கேட்ட அந்த அசையாமையை, அன்றைக்கு எங்களுக்குக் கொடுத்தாள்.

என் கை அங்கேயே நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. குளியலறையில் நான் கேட்டது என்ன என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாரைக் கீழே போட்டுவிட்டு அவள் பாவாடையை இறக்கிவிட்டேன். அந்த அறையில் முதலில் அழுதது புஷ்பா மிஸ். "தப்புதாம்மா, என் மேலயும் தப்புதான்" என்றார். "நான்தான் மிஸ் குடுத்தேன். நான் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கிறேன். என் பிள்ளையை இனிமே யாரும் தொடக் கூடாது, நானும் தொட மாட்டேன்" என்றேன். ஹெட்மிஸ்ட்ரஸ் உட்கார்ந்து, கடிதத்தை முதல் வரியிலிருந்து படித்தார்.

டி.சி. பேச்சு அன்றோடு நின்றது. நெற்றி கிழிந்த பிள்ளையின் வீட்டுக்கு ஜெனியோடு போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது ஜெனி நான்காம் வகுப்பு. முன் பெஞ்ச். நோட்டுப் புத்தகம் விநியோகிக்கிற வேலை அவளுக்குத்தான். ஒரு பீரியடுக்கு இரண்டு தடவை வகுப்பைச் சுற்றி வருகிறாள். இந்த வருஷமும் கணக்குக்கு வருகிற புஷ்பா மிஸ் பத்துக் கணக்கை இரண்டு இரண்டாகக் கொடுக்கிறார். வாரம் ஒரு நாள் சிறப்பாசிரியர் வருகிறார். காலை வாந்தி நின்றுவிட்டது. பென்சில் இன்னமும் தொலைகிறது, தொலையட்டும்.

அந்த வாரைக் கம்பெனிக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். ஷபானா அக்கா மறு நுனியைப் பிடித்துக்கொண்டார். நூல் வந்துவிட்டது. ஆனால் தோலில் ஊசி இறங்கின ஓட்டை மூடாது, அது எங்கள் லைனில் எல்லோருக்கும் தெரியும். ஜெனியிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு சுவரில் ஓடின பல்லியின் பின்னால் போய்விட்டாள். எனக்குக் கோபம் இன்னும் வருகிறது. வரும்போது இரண்டு கையையும் குழாயடியில் நீட்டிக்கொண்டு நிற்கிறேன். பிடித்தவர் இன்னும் விடவில்லை.

இதைப் படிக்கிற தாய்மாரே, நீங்களும் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பீர்கள். சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பீர்கள். ஜெபித்துவிட்டு நாளைக்கே பள்ளிக்குப் போங்கள், சொன்னதைத் திரும்ப வாங்குங்கள். பிள்ளையை மாற்றும் என்று கேட்பதற்கு முன் என் கையைப் பிடியும் என்று கேட்டுப் பாருங்கள். அவர் பிடிப்பார். என் கையைப் பிடித்தார்.

இதை எழுதி முடிப்பதற்குள் ஜெனி ஐந்து தடவை மேசையை ஆட்டிவிட்டாள். எழுத்து கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் ஆடட்டும்.