முதல் கைத் தண்ணீர்

மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகருக்குத் தெரு பிரித்த காலத்தில், அந்தப் பக்கத்தில் கிணறு என்றால் மாசிலாமணிதான். அவர் தோண்டுவார், நான் உறை இறக்குவேன். ஈர மண் வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு அவர் நினைவுதான்.

பாலவாக்கத்துக்காரர். மனைவி தேசம்மா மாதா கோயிலுக்குப் போவாள். இவர் வாசலோடு நின்றுவிடுவார். "வானம் கீது, மழ கீது, மண்ணு கீது. இதுக்கு மேல எனக்கு இன்னாத்துக்கு?" என்பார். பூமி பூஜையிலும் கை கூப்ப மாட்டார். ஆனால் புதுக் கிணற்றில் ஊறிய தண்ணீரில் முதல் கை அவர் குடிக்க வேண்டும். தொழில் வழக்கம் அது. அவர் குடித்துவிட்டால் வீட்டார் மறுபேச்சில்லாமல் குடம் எடுப்பார்கள்.

முப்பத்திரண்டாம் வருஷம் முருகையன் என்ற குமாஸ்தா வீடு கட்டினார். கிணற்றுக்கு இடம் குறித்தது மாசிலாமணிதான். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக ஊறியது. உறையெல்லாம் இறக்கிய பிறகு ஒருநாள் மதில்மேல் ஏறியபோதுதான் பக்கத்து வீட்டுக் கக்கூஸ் குழி அவர் கண்ணில் பட்டது. நடுவே எட்டடிகூட இல்லை. குழி கிணற்றுக்குள் கசிகிறதா என்று பார்க்க, அந்த வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு குழிக்குள் ஒரு டின் மண்ணெண்ணெய் ஊற்றினார். தினமும் வந்து கிணற்றுத் தண்ணீரை மோந்து பார்த்தார். நான்காம் நாள், கிரகப்பிரவேசத்தன்று காலையில், லேசாக மண்ணெண்ணெய் வாசனை வந்துவிட்டது.

அதற்குள் சாஸ்திரிகள் மந்திரம் சொல்லி, மஞ்சளும் பூவும் கிணற்றில் போட்டாயிற்று. கற்பூரப் புகைக்கு நடுவே முருகையன் செம்பை நீட்டினார்.

"குடிய்யா, நேரமாவுது."

"வேணாம் சார். பக்கத்துக் குழி இதுல எறங்குது. மண்ணெண்ண வாசன வருது, பாருங்க."

"எனக்குக் கற்பூர வாசனதான் வருது. மந்திரம் சொல்லியாச்சே, அப்புறம் இன்னா?"

"மண்ணுக்கு ஏது சார் காது?"

உறவுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். முருகையனுக்கு முகம் சிவந்தது.

"சாமியே வேணாம்னு திரியறவன்தானே நீ? பொய்யா ஒரு வாய் குடிச்சா எந்த சாமி வந்து உன் கண்ணக் குத்தப்போவுது? குடிச்சிட்டுக் கூலிய வாங்கிக்கினு போவியா!"

"சாமி பாத்துச்சோ இல்லியோ, நான் பாத்துட்டேன் சார்." முருகையன் மனைவி நீரஜாவின் இடுப்பிலிருந்த பிள்ளையைக் காட்டினார். "நான் குடிச்சா நாளைக்கு அது குடிக்கும். எடம் குறிச்சது நான், தப்பு எம்மேல. கூலி வேணாம், வேற கெணறு தோண்டித் தரேன்."

நீரஜா செம்பை வாங்கித் தரையில் கவிழ்த்தாள். "ஏங்க, இவனப் புடிங்க. பால் காய்ச்சத் தெருக்கோடிக் குழாயில தண்ணி புடிச்சாரேன்" என்று குடத்தோடு போய்விட்டாள்.

மாசிலாமணி எதிர் மதிலுக்குப் போய், இந்தத் தடவை முதலிலேயே அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, குழிப் பக்கத்து மதிலில் முதுகை ஒட்டி நின்று, அடி அளந்து நடக்கத் தொடங்கினார். முருகையனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். நாற்பதாவது அடியில் மாசிலாமணி நின்று காலால் மண்ணைக் கீறினார்.

"இன்னும் பத்தடி தள்ளிப் போய்யா" என்றார் முருகையன்.