என்ன உடைஞ்சுது?

காகிதக் கைக்குட்டைப் பெட்டியை மேசையிலிருந்து எடுத்து இழுப்பறைக்குள் தள்ளி மூடுகிறாள் க்ளோடெட் சூசி. மாலையில் துப்புரவுக்கு வருகிறவர் அதை மறுபடி மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். காலையில் இவள் மறுபடி உள்ளே தள்ளுவாள். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கேட்டால் க்ளோடெட்டுக்குக் காரணம் உண்டு. "பெட்டியைப் பாத்தாலே அழணும்போல இருக்கும். வர்றவ திட்டலாம்னு வந்திருப்பா. அவளை நான் எதுக்கு அழுகைப் பக்கம் தள்ளணும்?"

மற்ற ஆஸ்பத்திரிகளில் "உடம்புக்கு என்ன?" என்று ஆரம்பிப்பார்கள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "என்ன உடைஞ்சுது?" என்பாள். வந்தவள் முதலில் விழிப்பாள். பிறகு மெல்ல வெளியே வரும். காப்பிக் கோப்பை. டிவி ரிமோட். கழிவறைக் கதவின் கீல். ஒருத்தி "எங்க மாமியார் மனசு" என்றாள். "அது தானா ஒட்டிக்கும். வேற?" என்றாள் க்ளோடெட், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மேய்ன் மாநிலத்தின் வடகோடியில், ஆற்றுக்கு அந்தக் கரை கனடா என்கிற அளவுக்கு வடக்கே, உருளைக்கிழங்கும் பனியும் மட்டுமே தாராளமாகக் கிடைக்கும் ஊர் அது. வாசல் பலகையில் 'பெண்கள் நலம்' என்று இருந்தாலும் ஊர் வழக்கில் அது உடைசல் ஆஸ்பத்திரி. க்ளோடெட் டாக்டர் இல்லை. மருந்து எழுத அதிகாரம் பெற்ற நர்ஸ். யாராவது டாக்டர் என்றால் உடனே திருத்துவாள். இரண்டாவது தடவையும் சொன்னால் விட்டுவிடுவாள்.

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பெண்களைப் பிடித்து ஆட்டுகிற அந்தத் தொல்லைக்கு மருத்துவப் பெயர் ஒன்று இருக்கிறது. இவள் அதை 'நம்ம ஆளு' என்பாள். நம்ம ஆளைக் கண்டுபிடிக்க இவளிடம் ஒரே வழிதான். "எப்ப வருதுன்னு சொல்லாதே. கோபம் யாருக்கும் எப்பவும் வரும். எப்பப் போகுதுன்னு சொல்லு. ரத்தத்தைப் பாத்த ஒண்ணு ரெண்டு நாள்ல வானம் வெளுத்த மாதிரி போயிடுச்சுன்னா, அது நம்ம ஆளு." அப்படியும் உடனே மாத்திரை எழுத மாட்டாள். சமையலறைக் காலண்டரில் இரண்டு மாதம் குறித்துக்கொண்டு வா என்று அனுப்புவாள்.

பத்து மணிக்குப் பசிக்கும். பக்வீட் என்கிற தானிய மாவில் வார்த்த மஞ்சள் தோசை போன்ற ப்ளோய் ஒன்றில் வெண்ணெய் தடவிச் சுருட்டி, ஜன்னலோரம் நின்றபடியே தின்பாள். பள்ளிக்கூட மேடு ஜன்னலுக்கு நேர் எதிரே. செங்குத்தாக இறங்கிவரும் சாலை, அடியில் நிறுத்தப் பலகை, அதைத் தாண்டினால் கிழங்குக் கிடங்கு, அதற்கப்பால் ஆறு. சின்ன வயதில் க்ளோடெட் அறுவடை இயந்திரத்தின் மேல் நின்று, ஓடும் பட்டையிலிருந்து கல் பொறுக்கியவள். இந்த ஊரில் எல்லாருமே பொறுக்கியவர்கள்தான். அதற்காகவே பள்ளிக்கூடத்துக்கு இன்றும் கிழங்கு விடுமுறை விடுகிறார்கள். "சேறு அப்பியிருந்தா கல்லும் கிழங்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். கையில எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். இங்க பண்றதும் அதே வேலைதான்," என்பாள்.

அப்படிப்பட்டவள் போன அக்டோபரில் ஏமாறப் பார்த்தாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். ஜோலின் பூஷார் வந்தாள். ஒன்பதாம் நம்பர் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள், தோள் அகலமானவள், குரல் அதைவிட அகலம். அன்றைக்கு அந்தக் குரல் பாதிதான் இருந்தது.

"என்ன உடைஞ்சுது?"

"பிரேக்," என்றாள் ஜோலின். "அப்புறம் நேடோவோட வண்டிக் கண்ணாடி. பிளாஸ்க்கைத் தூக்கி எறிஞ்சேன்."

க்ளோடெட் விழுந்து விழுந்து சிரித்தாள். கெரார்ட் நேடோ பள்ளி வண்டிகளுக்கெல்லாம் மேலாளர். இவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். இங்கே பலகை மாட்டிய அன்று, "பொம்பளைங்க சிடுசிடுக்கிறதுக்கு ஒரு ஆஸ்பத்திரியா?" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவன். அவனுடைய கண்ணாடி உடைந்தது என்றால் யாருக்குத்தான் மனசு கொஞ்சம் குளிராது?

"வேலையை நிறுத்தி வச்சிருக்காரு," என்றாள் ஜோலின். "உங்ககிட்ட சீட்டு வாங்கிட்டு வரச் சொன்னாரு. இது அந்த நாளுக்கு முன்னாடி வர்ற கோளாறு, இவ பொறுப்பில்லன்னு எழுதிக் குடுத்தா நாளன்னிக்கே சேத்துக்குவாராம். இல்லன்னா வீட்டுலயே இருன்னுட்டாரு. வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு, க்ளோடெட். எழுதிக் குடுத்துடுங்க."

இங்கேதான் க்ளோடெட்டுக்குக் கால் வழுக்கியது. நேடோ நம்புகிறான்! இத்தனை வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்ற, இது கற்பனை இல்லை, நடிப்பு இல்லை என்று பள்ளிக் கூட்டத்திலும் மாதா கோயில் விருந்திலும் பேசியது வீண் போகவில்லை. நேடோவே சீட்டுக் கேட்டு அனுப்புகிறான். அந்த மகிழ்ச்சியில் பேனாவை எடுத்துவிட்டாள். பெயர் எழுதினாள், தேதி எழுதினாள். பழக்க தோஷத்தில் வாய் மட்டும் வழக்கமான கேள்வியைக் கேட்டது.

"எப்பப் போகுது இந்தக் கோபம்? பீரியட்ஸ் வந்ததும் போயிடுதா?"

"இல்ல. வேற வண்டி குடுத்தாப் போயிடும்."

பேனா நின்றது.

"என்ன?"

"ஆகஸ்டுலயே சொன்னேன். முதல் மிதிக்கு நிக்குது, ரெண்டாவது மிதிக்குப் பெடல் தரையோட போயிடுது. வண்டி நிறுத்தற செட்டுல எல்லாரும் சிரிச்சாங்க. 'என்ன ஜோலின், தேதி நெருங்கிடுச்சா?'ன்னாங்க. மறுபடி சொன்னேன், மறுபடி அதே சிரிப்பு. நேத்து பிள்ளைங்களை வச்சுக்கிட்டு மேட்டுல இறங்கறேன், வண்டி நிக்கல. பலகையைத் தாண்டிக் கிடங்கு முற்றத்துல போய்க் கைபிரேக்கைப் பிடிச்சு நிறுத்தினேன். நல்லவேளை, குறுக்கே யாரும் வரல. அதுக்கும் 'நீ லேட்டா மிதிச்சிருப்பே, உன் நாள் சரியில்ல'ன்னாரு. அப்பதான் பிளாஸ்க் பறந்துது."

"இதை நீ முதல்லயே ஏன் சொல்லல?"

"சொன்னேனே. என்ன உடைஞ்சுதுன்னு கேட்டீங்க, பிரேக்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

க்ளோடெட்டின் முகத்தில் ரத்தம் ஏறியது. செட்டில் இருந்தவர்கள் சிரித்த அதே சிரிப்பு. கூட்டத்தில் வைத்து யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. எழுதின தாளைக் கசக்கித் தொட்டியில் போட்டாள்.

"ஐயோ, தூக்கிப் போடாதீங்க! என் வேலை போயிடும்!"

"இப்ப உன் வண்டியை யாரு ஓட்டறா?"

"மாத்து டிரைவர். இன்னிக்கு வண்டி செட்டுல நிக்குது, நாளைக்குக் காலையில எடுப்பான்."

"நான் இந்தச் சீட்டை எழுதினா உனக்கு வேலை கிடைக்கும். ஆனா நீ அந்த பிரேக்கைப் பத்திச் சொன்னதெல்லாம் உளறல்னு ஆயிடும், ஜோலின். அதுக்கு என் கையெழுத்தே சாட்சி. கிழங்கைக் கல்லுன்னு தூக்கிப் போட இருந்தேன் பாரு." வேறொரு தாளை எடுத்து மூன்றே வரி எழுதினாள். 'இவளைப் பரிசோதித்தேன். இவளுடைய கோபம் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. வண்டியைப் பரிசோதிக்கவும்.'

அந்தச் சீட்டைத் தானே எடுத்துக்கொண்டு செட்டுக்குப் போனாள். நேடோ வாசித்தான். இரண்டு தடவை வாசித்தான்.

"இது என்ன நியாயம், க்ளோடெட்? இருக்கு இருக்கு, நம்புங்கடான்னு நீதானே கத்தினே? சரி, நம்பிட்டேன். இப்ப வந்து இல்லங்கறே!"

கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "இருக்கு. ஆனா இது அது இல்ல. வயித்துவலின்னு வந்தவளுக்கெல்லாம் பிரசவம் பாக்க முடியுமா?"

"மெக்கானிக் ஓட்டிப் பாத்தான். ஜம்முனு நிக்குது."

"எங்க ஓட்டினான்?"

"இங்கதான், முற்றத்துல."

"முற்றத்துல என் தள்ளுவண்டிகூட நிக்கும். சாவியை எடு. நீயே ஓட்டு. மேட்டுல ஏறி இறங்குவோம். நானும் வர்றேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமா, தேதி நெருங்கிடுச்சு. எனக்கு நின்னுபோய்ப் பத்து வருஷம் ஆச்சு, இருந்தாலும் நெருங்கிடுச்சு. எடு சாவியை."

நேடோ கெட்டவன் இல்லை. சிரிப்பது சுலபமாக இருந்ததால் சிரித்தவன், அவ்வளவுதான். வறட்டு கௌரவத்துக்காக வண்டியை எடுத்தான். ஓட்டுநருக்கு நேர்பின் இருக்கையில் க்ளோடெட் உட்கார்ந்தாள், மடியில் கைப்பையோடு. மேட்டின் தலையில் முதல் மிதிக்கு வண்டி சாதுவாக அடங்கியது. "பாத்தியா?" என்று நேடோ திரும்பிச் சிரித்தான். பாதி இறக்கத்தில் மறுபடி மிதித்தான். பெடல் தரையைத் தொட்டது. வண்டி அடங்கவே இல்லை. நிறுத்தப் பலகை ஜன்னலோரம் ஓடியது. க்ளோடெட் முழு பலத்தோடு தன் பங்குக்குத் தரையை மிதித்தாள். கிடங்குக் கதவுக்கு முன்னால், கைபிரேக் வீறிட, வண்டி நின்றது.

நேடோ திரும்பிக் காலி இருக்கைகளைப் பார்த்தான். "இதுல பிள்ளைங்க இருந்திருக்கு," என்றான் கடைசியில். பிறகு, "என் பேத்தியும்," என்றான். அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

அன்று மாலையே ஒன்பதாம் நம்பரை மேடையில் ஏற்றிச் சக்கரங்களைக் கழற்றினார்கள். அந்த வாரக் கடைசியில் ஜோலினுக்கு வண்டியும் வேலையும் திரும்பக் கிடைத்தன. "கண்ணாடிக்கு மட்டும்தான் மன்னிப்புக் கேப்பேன்," என்றாள் அவள். அதை நேடோ ஏற்றுக்கொண்டான். செட்டில் தேதி விசாரிக்கும் வழக்கமும் ஒழிந்தது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

க்ளோடெட்டின் கேள்வி மாறவில்லை. "என்ன உடைஞ்சுது?" என்றுதான் இன்றும் கேட்கிறாள். ஆனால் பதில் வந்த பிறகு கொஞ்சம் காத்திருக்கிறாள். கோப்பை என்றால் எந்தக் கோப்பை, கதவு என்றால் அதற்கு அந்தப் பக்கம் யார் நின்றார்கள் என்று கேட்கிறாள். இதனால் ஒவ்வொருத்திக்கும் நேரம் கூடுகிறது. வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

காலையில் முதலில் வருகிறவளுக்கு மட்டும் ஒரு தடங்கல் உண்டு. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மேட்டின் தலையில் மஞ்சள் வண்டி தெரியும். க்ளோடெட் கையை உயர்த்தி, "ஒரு நிமிஷம், கண்ணு," என்பாள். பார்வை ஜன்னலுக்குப் போகும். வண்டி இறங்க இறங்க, மேசைக்கடியில் அவளுடைய வலது பாதம் தரையை அழுத்தும், முழங்கால் விறைக்கும். பலகை முன் வண்டி நின்று, ஜோலின் ஹாரனை ஒரு தட்டுத் தட்டிய பிறகுதான் அந்தக் கால் தரையை விட்டு எழும்.