கொங்காணியைக் கழற்றச் சொன்னவர்கள்

இப்போது ஆஸ்பத்திரி வாசலில் தொட்டில் வைத்திருக்கிறார்களாம். பெற்ற பிள்ளையை வளர்க்க வழியில்லாதவள் அதில் போட்டுவிட்டு, மணியை அடித்துவிட்டுப் போகலாம். யார், எவள் என்று கேட்கமாட்டார்களாம். கேட்காமல் இருப்பதற்கு ஒரு திறப்பு விழா, பொன்னாடை, மைக்செட்டு. வாயை மூடிக்கொண்டிருக்க மனுசனுக்கு இத்தனை ஏற்பாடு வேண்டியிருக்கிறது.

எழுபதுகளில் பீர்மேட்டில் நான் தேயிலைக் கொழுந்து கிள்ளிய எஸ்டேட்டில் விழா எதுவும் நடத்தாமலே அப்படித் தொட்டில்கள் இருந்தன. பிள்ளைப்புரை என்போம். கைப்பிள்ளைக்காரிகள் காலையில் பிள்ளையைச் சேலைத் தொட்டிலில் போட்டு, ஆயாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவோம். இடையில் வந்து பால் கொடுப்போம். ஒரு ஆடி மாதக் காலையில் ஆயா தண்ணீர் எடுத்துவிட்டு வருவதற்குள், காலித் தொட்டில் ஒன்றில் யாரோ ஒரு பிள்ளையை விட்டுப் போயிருந்தாள். பிறந்து நாலைந்து நாள் இருக்கும். குளிப்பாட்டி, பழஞ்சேலையில் காது மூடச் சுற்றியிருந்தாள். பிள்ளை பிழைக்க வேண்டுமென்று, அந்த மலையிலேயே நல்ல இடமாகப் பார்த்து வைத்திருக்கிறாள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு, லயத்து வீடுகளில் பாதிப்பேர் கீழே ஊருக்குப் போய்த் திரும்பியிருந்த சமயம். அங்கே பெற்று எடுத்து வந்தவள் யார் என்று சொல்வதற்கில்லை.

நியாயமாக, முதலில் பால் கொடுக்க ஆள் தேடியிருக்க வேண்டும். கங்காணியும் சூப்பர்வைசரும் தாயைத் தேடினார்கள். போலீசில் பிடித்துக் கொடுக்கவாம். அப்பனைத் தேட மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. தேடினால் எந்த வாசலில் போய் நிற்க வேண்டியிருக்குமோ!

கங்காணிக்கு ஒரு யோசனை உதித்தது. பிள்ளை அழுதால் பெற்றவளுக்குப் பால் கசியும். கைப்பிள்ளை இல்லாத எவள் ரவிக்கை நனைகிறதோ, அவள்தான். பெரிய மூளைக்காரன். மத்தியானம் கொழுந்து நிறுக்கும் கொட்டகை முன்னால் எங்களை வரிசையாக நிறுத்தினான். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இவர்கள் துப்புத் துலக்குவதற்காக அதை அழவிட்டார்கள். கைப்பிள்ளைக்காரி எனக்கு நெஞ்சு கட்டிப் பால் வழிந்தது. என் பக்கத்தில் நின்ற கல்யாணமாகாத பெண், மழைக்குத் தலையில் மாட்டும் சாக்குக் கொங்காணியை மார்பு மறைய இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

"ஏய், எல்லாரும் கொங்காணியக் கழத்துங்கடி!"

கழற்றினோம். அவர்கள் இரண்டு பேரும் தகரக் கூரைக்கடியில் நின்றிருந்தார்கள், அதனால் மழை ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. பீர்மேட்டு ஆடிமழை ஆள் பார்த்தா ஊற்றும்? கண்மூடித் திறப்பதற்குள் கிழவி முதல் குமரி வரை அத்தனை பேர் ரவிக்கையும் நனைந்து ஒட்டிக்கொண்டது. கங்காணி திருதிருவென்று முழித்தான்.

"இப்பச் சொல்லுங்க, எங்கள்ல யாரப் புடிக்கப் போறீக?" என்றேன்.

வரிசையே சிரித்தது. நான் போய்ப் பிள்ளையைப் பிடுங்கி, அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் கொடுத்தேன். பிற்பாடு ஆயாவே அதை எடுத்து வளர்த்தாள்.

மறுநாள் காலை பிள்ளைப்புரையில் என் மகனுக்குப் பால் கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளையை மடியில் போட்டிருந்தேன். அந்தப் பெண் வேலைக்குப் போகிற வழியில் வாசலோடு நின்றாள். உள்ளே வரவில்லை.

"குடிக்குதாக்கா?"

"நல்லாக் குடிக்குதுடி. நீ போ."

அத்தனை விசாரணை நடத்தினார்களே, அந்த ஒரு கேள்வி அவர்கள் வாயிலிருந்து வரவே இல்லை.