என் பையில் இருந்த ஸ்பேனர்

எனக்கு மறதி உண்டு, மன்னிப்பு கிடையாது. வீட்டுச் சாவியை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தேடுகிறேன். ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில் மோன்ட்ரியலின் வில்லரே பகுதியில் எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்ட மனிதர் எந்தக் குளிரில் என்ன சொன்னார் என்று கேளுங்கள், வரிசையாகச் சொல்வேன்.

அவருக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. கடைப் பெயர் பொறித்த சட்டை போட்ட ஒரு பந்தய அணியும் இருந்தது. அணியின் தலைவன் அவருடைய மகன். மேல்மாடியில் நானும் கணவரும், நடுவில் அவர்கள், நிலவறையில் ஒரு ஜப்பான்காரப் பையன். ஹீட்டரின் திருகு நடுமாடியில், அவர் கையில் இருந்தது. ஜன்னலில் உள்பக்கமே ஐஸ் படிகிறது என்று கீழே இறங்கிப்போய்ச் சொன்னால், தோளைக் குலுக்கி, பிரெஞ்சில் "கொம்ப்ரான் பா" என்பார். புரியவில்லையாம். வாடகை வாங்க வரும்போதும், எங்கள் பெருங்காய வாசனை சுவரில் ஏறிவிட்டது என்று திட்டும்போதும் ஆங்கிலம் தண்ணீராக ஓடும். அந்த வாசலில் நின்று எத்தனை முறை பல்லைக் கடித்தேன் என்று என் பல்லுக்குத்தான் தெரியும்.

ஜப்பான்காரன் அந்த அணியில் சம்பளத்துக்கு ஓட்டியவன். அவன் ஊரில் சைக்கிள் பந்தயம் என்றால் வட்டத் தளத்தில் ஓடுவது, சுற்றி உட்கார்ந்து ஜனங்கள் பந்தயம் கட்டுவது. அவனுக்கு அந்த வட்டம் அலுத்துவிட்டது. சாலையில் ஓட்ட வேண்டும், ஐரோப்பாவுக்குப் போக வேண்டும் என்று அப்பாவோடு சண்டை போட்டுக் கிளம்பி, வழியில் மோன்ட்ரியலில் மாட்டிக்கொண்டவன். சோற்று வாசனை பிடித்துத்தான் முதலில் எங்கள் மாடிப்படி ஏறி வந்தான். தட்டில் புளியோதரையைப் பார்த்ததும் கையால் உருட்டி உருண்டை பிடித்தான். அவர்கள் ஊரிலும் சோற்றை உருட்டித்தான் வழிக்குக் கட்டிக்கொண்டு போவார்களாம். அன்றிலிருந்து நான் அவனுக்கு அக்கா. ஆங்கிலம் எங்கள் இருவருக்குமே அரைகுறைதான், அது ஒரு சௌகரியம்.

சாலைப் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. அணித் தலைவனின் சக்கரம் பஞ்சரானால், கூட ஓடும் உதவிக்காரன் இறங்கித் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அச்சில் இருக்கிற சின்ன லீவரைத் தட்டினால் சக்கரம் கையோடு வந்துவிடும். தலைவன் மாட்டிக்கொண்டு பறந்துவிடுவான். கொடுத்தவன் பின்னால் எங்கோ வரும் காருக்காக ஒற்றைச் சக்கர சைக்கிளோடு நிற்பான். கொடுக்க மறுத்தால் அணியில் இடமில்லை. எந்த அணியிலும் கிடையாது.

நாங்கள் அங்கே குடிபோன வருடம் மலையில் நடந்த பந்தயத்தில் அதை என் கண்ணால் பார்த்தேன். நம் ஊர்க்காரர்கள் பார்த்தால் இதுவா மலை என்று சிரிப்பார்கள். ஆனால் அதையே திரும்பத் திரும்பச் சுற்றி ஏறச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். கடைசிச் சுற்றில் ஜப்பான்காரன் எல்லோருக்கும் முன்னால் தனியாக வந்தான். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கத்தினேன். வீட்டுக்காரர் நடுரோட்டில் குதித்துக் கையை விரித்து அவனை நிறுத்தினார். பின்னால் மகனுக்குப் பஞ்சர். மகன் வந்துசேரும்வரை அவனை நிற்க வைத்து, முன்சக்கரத்தைக் கழற்ற வைத்தார். கிட்டத்தட்ட எல்லோரும் அவனைத் தாண்டிப் போனார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

அதையாவது வழக்கம் என்று விட்டிருப்பேன். மறுநாள் பத்திரிகையில் வீட்டுக்காரர் பேச்சு வந்திருந்தது: "பாவம், பையன் தளர்ந்துபோய் நின்றுவிட்டான். சோறு தின்கிற உடம்பு, மலைக்குத் தாங்காது." என் கணவர் அதை எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார். எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. அவன் காலைப் பிடுங்கிக்கொண்டு நொண்டி என்று ஊருக்குச் சொன்ன கதை அது. சோற்றை வேறு இழுத்தது என் அம்மாவரைக்கும் போய்விட்ட மாதிரி இருந்தது.

"உனக்கெதுக்கு இந்த வம்பு? நாம வாடகைக்கு இருக்கறவங்க," என்றார் கணவர்.

"வாடகை வீட்டுக்குத்தான் குடுக்கறோம், ரோஷத்துக்கு இல்ல," என்றேன்.

அடுத்த வருடம் அதே பந்தயத்தைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து ஓர் அணிக்காரர் வருவதாகச் செய்தி வந்தது. யாராவது ஒருவனை அழைத்துப் போவாராம். மகன்தான் போகப்போகிறான் என்று வீட்டுக்காரர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஜப்பான்காரனுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. விசா முடிகிறது, வட்டத் தளத்துக்கே திரும்ப வேண்டியதுதான். அவன் என் சமையலறையில் உட்கார்ந்து அதைச் சொன்னபோது அழவில்லை. நான் அழுதேன், கோபத்தில்.

பந்தயத்தன்று மலையேற்றத்தில் நின்று ஓட்டுபவர்களுக்குச் சாப்பாட்டுப் பை நீட்டும் வேலையை வீட்டுக்காரர் என் தலையில் கட்டினார். கூலியில்லாத ஆள் வேறு யார் கிடைப்பார்? காலையில் புறப்படும்போது ஜப்பான்காரன் ஒரு ஸ்பேனரை என்னிடம் நீட்டினான்.

"அக்கா, இது கனம். உங்க பையில இருக்கட்டும்," என்றான்.

பந்தய சைக்கிளுக்கு ஸ்பேனர் எதற்கு என்று குனிந்து பார்த்தேன். இரண்டு சக்கரங்களிலும் லீவரைக் காணோம். அச்சையே மாற்றி நட்டுப் போட்டு முறுக்கியிருந்தான். அவன் ஊர் வட்டத் தளத்தில் எல்லாச் சக்கரங்களும் அப்படித்தானாம். கடைக்காரர் கண்ணில் இது படாமல் போகுமா என்று எனக்குப் பயம். அவரோ மகனின் சைக்கிளைத் திருகுக்குத் திருகு பார்த்தார். உதவிக்காரனின் சைக்கிள் பக்கம் திரும்பவேயில்லை. நான் ஸ்பேனரைப் புளியோதரைப் பொட்டலத்துக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

கடைசி ஏற்றத்தில் முன்னால் வந்தது மூன்றே பேர்: மகன், ஜப்பான்காரன், வேறு அணியின் ஒருவன். எங்களைத் தாண்டியதுமே மகனின் முன்சக்கரம் புஸ்ஸென்று போனது. வீட்டுக்காரர் ஓடினார். "சக்கரம்! சக்கரம்!" என்று கூவினார். ஜப்பான்காரன் அந்த நொடியே நின்றான். இறங்கினான். சைக்கிளை மகனுக்கு முன்னால் மரியாதையாகத் தூக்கிப் பிடித்தான்.

மகன் லீவரைத் தேடினான். மறுபக்கம் தேடினான். பிறகு நட்டைப் பிடித்து விரலால் திருகினான், அழுகிற முகத்தோடு. சைக்கிளையே வாங்கி ஏறலாமென்றால், மகன் அவனைவிட ஒரு முழம் உயரம். ஸ்பேனர் உள்ள கார் கீழே கடைசிக் கூட்டத்தின் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் சுற்றியிருந்தவர்களிடமெல்லாம் கேட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தார். பிரெஞ்சில் கேட்டார், ஆங்கிலத்தில் கேட்டார், விரலைத் திருகித் திருகிக் காட்டினார். ஒரு வயதுக் குழந்தைக்கும் புரிந்திருக்கும். என் தோளில் அந்த ஸ்பேனர் கனத்தது.

நான் தோளைக் குலுக்கினேன். "கொம்ப்ரான் பா," என்றேன்.

ஜப்பான்காரன் சிறிது நேரம் பொறுத்தான். பிறகு மகனுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு ஏறி மிதித்தான். தாண்டிப் போனவனைத் துரத்திக்கொண்டு போய், இரண்டாவதாக முடித்தான். அவனை யாராலும் குறை சொல்ல முடியவில்லை. தலைவன் கேட்டதும் நின்றான், சக்கரத்தையும் நீட்டினான். நின்ற பிறகும் இரண்டாவதாக வந்தானே என்றுதான் ஐரோப்பாக்காரர் அவனை அழைத்துப் போனார். அங்கே அவன் சில வருடங்கள் ஓட்டினான். அங்கேயும் உதவிக்காரன்தான், அங்கேயும் சக்கரம் கழற்றிக் கொடுத்தவன்தான். ஆனால் தளர்ந்து நின்றவன் என்று இல்லை, கொடுத்தவன் என்று அங்கே சொன்னார்களாம். எங்களை அந்த மாதமே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், பக்கத்து ஊரான லவாலுக்குப் போனோம். ஹீட்டர் திருகு அங்கே என் வீட்டுக்குள் இருந்தது.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் பந்தயம் முடிந்து எல்லோரும் வீட்டு வாசலில் நின்றிருந்தோம். விமானத்தில் ஏற்ற சைக்கிளைப் பிரித்துக் கட்ட வேண்டும் என்றான் அவன். வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பையை உள்ளே கொண்டுபோய் எடுத்துக் கொடுத்திருக்கலாம். கணவர்கூட என் முழங்கையைத் தொட்டுக் கண்ணால் வேண்டாம் என்றார். ஆனால் பட்டவருக்கே தெரியாத பழியில் என்ன சுகம்? காலிப் பொட்டலத்தை விலக்கி, அவர் கண்முன்னால் ஸ்பேனரை எடுத்தேன்.

"இந்தாப்பா," என்றேன்.

வீட்டுக்காரர் ஸ்பேனரைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சிவந்தது.

அந்த வீட்டில் இருந்த நாளெல்லாம் நான் சொன்ன ஒன்றாவது அவருக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.