முப்பதுக்கு இறங்கிய முள்

என் மாமனார் ஆயுசில் பெரும்பகுதியை லாரி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கழித்தவர். இன்ஜின் சத்தத்திலேயே இருந்து இருந்து காது மந்தமாகிவிட்டது. ஓட்டுவதை விட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்தபோது, ஓடுகிற எதையாவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது அவருக்கு. மோகனூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் அப்படி ஓடியது என் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதுவும் சரியாக ஓடவில்லை.

குமாரபாளையத்தில் பெட்ஷீட் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ‘சாயம் போகுமா’, ‘பெரிய கட்டிலுக்குப் போதுமா’ என்று வெப்சைட்டில் கேட்பவர்களுக்குப் பதில் தட்ட வேண்டும். கேள்விகள் சுலபம். பிரவுசர் திறப்பதுதான் கஷ்டம். அதைக் கிளிக் செய்துவிட்டு அடுப்பில் உலை வைப்பேன். சில நாள் உலை ஜெயிக்கும்.

மாமனார் என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, “ஏன் அம்முணி, செகண்ட் கியர்லயே இழுத்துட்டு நிக்குது?” என்பார்.

ஒருநாள் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது திரையில் தானாக ஒரு பெட்டி வந்து நின்றிருக்கிறது. அதில் ஒரு வேகமானி. முள் சிவப்பில் கிடந்தது. கீழே இருந்த இங்கிலீஷ் மாமனாருக்குத் தெரியாது. ஆனால் முள் தெரியும். பக்கத்தில் கண் சிமிட்டிய பச்சை பட்டனை அழுத்திவிட்டார். நான் வந்து பார்த்தபோது முள் ஏறிக்கொண்டிருந்தது.

“பாத்தயா? பிக்கப் எடுத்துருச்சு!”

கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து வேகமாக்குவதாகச் சொல்லும் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் அது. அன்றைக்குப் பிரவுசர் கொஞ்சம் சீக்கிரம் திறந்தது போலத்தான் எனக்கும் இருந்தது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

மறுநாள் காலை முள் மறுபடியும் சிவப்பில். மாமனார் அழுத்தினார், ஏறியது. சாயங்காலம் இறங்கியது. அதன்பின் காப்பி குடித்ததும் ஒருமுறை, சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒருமுறை என்று பச்சை பட்டனை அழுத்துவது அவருடைய உத்தியோகமாகிவிட்டது. சில நாளில் அந்த சாஃப்ட்வேரே, பிரவுசரை மட்டும் வேகமாக்க இன்னொன்று இருக்கிறது என்று சிபாரிசு செய்தது. அதையும் ஏற்றிக்கொண்டார். பிரவுசரின் மேல்மூலையில் ஒரு ராக்கெட் படம் வந்து உட்கார்ந்தது.

வந்த மறுநாளே இரண்டுக்கும் ஆகவில்லை. இரண்டாவது ஆபத்தானது, நீக்கிவிடவா என்றது முதலாவது. முதலாவதுதான் மெமரியையெல்லாம் தின்கிறது, நீக்கிவிடவா என்றது இரண்டாவது. நான் படித்துச் சொன்னேன். மாமனார் யோசித்தார்.

“ரெண்டும் நம்மூட்டுக்கு வந்துருச்சு. ஒண்ணச் சொல்லி ஒண்ணத் தொரத்துனா நல்லாவா இருக்கும்? ரெண்டும் கெடக்கட்டும் உடு.”

அவை கிடந்தன. இரண்டும் ஒன்றையொன்று கண்காணித்துக்கொண்டு ஓடியதில் பிரவுசருக்கு இடமில்லாமல் போனது. ஒரு மத்தியானம், நான் ஒரு வாடிக்கையாளருக்குப் பாதி பதில் தட்டியிருக்கையில், தேவையில்லாமல் மெமரியைத் தின்கிறது என்று சொல்லி முதலாவது சாஃப்ட்வேர் பிரவுசரையே மூடிவிட்டது. முள் ஒரே ஏற்றமாக ஏறிப் பச்சையின் கடைசியில் போய் நின்றது.

“இப்பப் பாரு, பறக்குது!” என்று மாமனார் கைதட்டினார்.

உண்மைதான். திரையில் ஒன்றுமே இல்லை. பறந்தது.

அதைவிடப் பெரிய தொல்லை, ஒவ்வொரு முறை சுத்தம் செய்யும்போதும் என் லாகினும் சேர்ந்து அழிந்துவிடும். திரும்ப உள்ளே போக ஓடிபி வேண்டும். வேலையில் சேரும்போது கொடுத்த நம்பர் என் கணவருடையது என்பதால் அது அவர் போனுக்குத்தான் வரும். அவர் இருப்பது மத்தியப் பிரதேசத்தில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில். நான் கூப்பிட்டால் கம்ப்ரசர் இரைச்சலுக்கு நடுவில், “நாலு! ஏழு! அப்பறம்…” என்று கத்துவார். ஆறா நூறா என்று நான் திருப்பிக் கேட்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். கடைசியில் அங்கிருந்த பையன்களுக்கே பழகிவிட்டது. “அண்ணி ஓடிபி கேக்கறாங்கடா, நிறுத்து!” என்று கம்ப்ரசரை நிறுத்திவிடுவார்கள். சத்தம் நின்றதும் நிலத்துக்காரர் தண்ணீர் வந்துவிட்டதென்று ஓடிவந்து குழிக்குள் எட்டிப் பார்ப்பாராம். ஒருநாள் தேங்காயே உடைத்துவிட்டார் என்று கணவர் வருத்தத்தோடு சொன்னார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் வாழப்பாடியிலிருந்து என் அம்மா போன் செய்தார். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் கம்ப்யூட்டர் பக்கத்தில் சார்ஜில் கிடந்ததால் மாமனார் எடுத்திருக்கிறார். அம்மா முதலில் என் மாமியாரைத்தான் விசாரித்தாராம்.

“சம்பந்தியம்மா எப்படி இருக்காங்க?”

மாமனாரின் காதில் ‘எப்படி இருக்கு’ மட்டும் விழுந்திருக்கிறது. கண்ணெதிரே முள் சிவப்பில் கிடந்தது.

“நெலம மோசமுங்க. நேத்து நாப்பதுல இருந்துது, காத்தால முப்பதுக்கு எறங்கிருச்சு. மெமரி பூராப் போயிருச்சுங்க.”

“ஐயோ! எத்தனை நாளா?”

“ஒரு மாசமாவே இப்படித்தானுங்க. தெனமும் ரெண்டு தடவ நாந்தான் சுத்தம் பண்ணி உடறேன். வைரஸ் வேற இருக்குதுங்குது. பையன் மாத்தீரலாம்ங்கறான். இத்தன வருசம் ஒழச்சத எப்படிங்க தூக்கிப் போடறது?”

அம்மா போனை வைத்துவிட்டார். மாமனார் என்னிடம், “உங்கம்மா கூப்டாங்க அம்முணி, நல்லா விசாரிச்சாங்க” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை பஸ் பிடித்து அம்மா வந்து இறங்கினார். கையில் ஆரஞ்சு, சத்துமாவு, படுக்கையில் விரிக்கப் பழைய புடவையைக் கிழித்து மடித்த துணிகள். வாசலில் என் மாமியார் துவரம்பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார். அம்மா பையைக் கீழே போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

“நான் யாருன்னு தெரியுதாங்க?”

“தெரியாம என்னங்க சம்மந்தி, வாங்க.”

“தெரியுதே! தெரியுதே!” என்று அம்மா இன்னும் அதிகமாக அழுதார். முறத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு மாமியாரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போய்க் கட்டிலில் படுக்கவைத்தார். பிறகு என்னைச் சமையலறைக்கு இழுத்து, “மாமியாரு இந்த நெலமையில இருக்காங்க, எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே நீ. மாப்பிள்ளை அவங்கள வேற எங்கயோ மாத்தணும்னாராமே?” என்று பிடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. முப்பது, நாற்பது, மெமரி என்று அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. இடுப்பில் கை வைத்துச் சிரித்துவிட்டேன்.

அந்தச் சிரிப்பு வேறு மாமியாரின் காதில் விழுந்திருக்கிறது. நாங்கள் திரும்பிப் போனபோது அவர் கட்டிலில் கைகால் நீட்டி, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“எனக்கு என்னமோ இருக்குது. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. எங்கிட்ட மட்டும் மறைக்கறீங்க. என்ன சீக்குன்னு சொல்லீருங்க.”

“சீக்கெல்லாம் இல்லீங்க அத்தை. கம்ப்யூட்டருக்குத்தான்.”

“கம்ப்யூட்டருக்கு ஆரஞ்சு வாங்கிட்டு வருவாங்களா?”

மாமியார் விடவில்லை. ரத்தம் பரிசோதித்தே ஆக வேண்டும் என்றார். லேபுக்குக் கூட்டிப் போனோம். எல்லாம் சரியாக இருப்பதாக ரிசல்ட் வந்தது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “நல்லா இருக்குதுன்னு எழுதியிருக்கறதுதான் எனக்குப் பயமா இருக்குது” என்றார்.

வேறு வழியில்லாமல் மாமனாரைக் கூப்பிட்டு, போனில் பேசியதை அப்படியே திரும்பச் சொல்லச் சொன்னோம். அவர் திரையைக் காட்டிக்கொண்டு, அதே வருத்தமான குரலில் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். முள் அப்போதும் முப்பதில்தான் இருந்தது. மாமியார் முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை.

“சம்மந்தி கேட்டது என்னிய. நீங்க சொன்னது இந்தப் பொட்டிய. இதுக்கு நாப்பதா முப்பதான்னு ஒரு மாசமாப் பாத்தீங்களே, நான் எத்தனைல இருக்கறேன்னு ஒரு நாளு கேட்டீங்களா?”

மாமனார் காது கேட்காதவர் போல நின்றார். ஆனால் நன்றாகவே கேட்டிருக்கிறது என்று முகத்தில் தெரிந்தது. திரையிலிருந்து முகத்தைத் திருப்பி என்னிடம், “ரெண்டையும் எடுத்துரு அம்முணி” என்றார்.

எடுப்பதும் சுலபமாக இல்லை. நீக்கப் போகிறீர்களா, நிச்சயமாகவா, ஆபத்தாயிற்றே என்று இரண்டும் மாறி மாறிக் கேட்டன. “அப்படியா சொல்லுது?” என்று மாமனார் ஒவ்வொரு முறையும் தயங்கினார். மாமியார் கட்டிலிலிருந்தே, “அமுக்கச் சொல்லு” என்றார். அமுக்கினேன். நானாகத் திறந்து போட்டிருந்த பக்கங்களையும் மூடிவிட்டு, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டேன். பிரவுசர் திறந்தது. வேகமாக என்று சொல்ல முடியாது, மனிதர் பொறுத்துக்கொள்ளும்படி திறந்தது.

மாமியார் மட்டும் உடனே எழுந்திருக்கவில்லை. படுத்தது படுத்தாயிற்று என்று இன்னும் சில நாள் படுத்திருந்தார். அம்மா ஊருக்குப் போகும்வரை கஞ்சி வைத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் மாமனார் ரசம் வைத்தார். கொஞ்சம் புளி அதிகம். காப்பி குடித்ததும் ஒருமுறை, கை கழுவியதும் ஒருமுறை கட்டில் பக்கம் வந்து நின்று, “எப்படி இருக்குது?” என்று கேட்பார். மாமியார் வாய்க்கு வந்தபடி ஒரு எண்ணைச் சொல்வார். அது குறைவாக இருக்கும் நாட்களில் பருப்பையும் மாமனாரே புடைத்துவிடுகிறார்.